கண்ணொளி காக்கும் கணினி

பால்மரம் வெட்டும் தொழிலுக்குக் கையின் பழக்கம் எவ்வளவு வேண்டுமோ, கண்ணின் கூர்மையும் அவ்வளவு வேண்டும். பொழுது புலருமுன்னரே தலைவிளக்கின் ஒளியில் தொழிலாளி நிரைக்குள் செல்கிறார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுதல் வேண்டும். உள்ளிருக்கும் மரத்தைக் கத்தி தீண்டலாகாது. சற்று ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் பட்டை முடிச்சிட்டு வளர்ந்து, பின்னாளில் வெட்டுவதற்கு உதவாமற் போகும். ஆகவே, பார்வை மங்கினால் தொழிலாளியின் வருவாயும் மங்கும்.

பார்வையைப் பறிக்கும் நோய்களுள் ஒன்றையும், அதனை முன்கூட்டியே கண்டறிவதில் செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினி முறை சிற்றூர் மக்களுக்கு எவ்வாறு துணைபுரிகிறது என்பதையும் இப்பாடத்தில் அறிவோம்.

நோயின் தன்மை

இனிப்புநீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய் மலேசியாவில் பரவலாக உள்ளது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஐவரில் இருவர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். மலாய்க்காரர், சீனர் ஆகியோரைக் காட்டிலும் இந்தியரிடையே இந்நோய் மிகுதி.

கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. நாம் காணும் உருவங்கள் அதன்மேல்தான் விழுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. சில கசிகின்றன; சில அடைபடுகின்றன. பின்னர் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் பெருகுகிறது. தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் குறைவதில்லை. நோயாளி தாமாக உணரும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். உரிய காலத்தில் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் சிகிச்சை செய்தால் பார்வையைக் காக்கலாம். இழந்த பார்வையை முழுமையாக மீட்பது அரிது.

இதனால்தான் நீரிழிவு உள்ளவர் யாவரும் குறையொன்றும் தோன்றாவிடினும் கண்ணைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். ஆனால் கண் மருத்துவர்கள் நகரங்களில் உள்ளனர். நோயாளிகளோ நாடெங்கும் உள்ளனர். இவ்விடைவெளியை அடைப்பதே புதிய கருவியின் பணி.

கணினி கற்கும் முறை

புதிதாக வேலைக்கு வந்தவருக்கு வெட்டுப் பழக்குவது எங்ஙனம்? அனுபவமுடையவர் ஒரு மரத்தைக் காட்டி, “இது சரியான வெட்டு” என்பார். மற்றொன்றைக் காட்டி, “இது ஆழ்ந்த வெட்டு” என்பார். பல மரங்களைப் பார்த்தபின் கற்பவர் தாமே வேறுபாட்டை அறிகிறார். கணினியும் இவ்வாறே கற்கிறது.

2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு கணினி முறையைப் பயிற்றுவித்ததை விளக்கினர். அப்படங்களை 54 மருத்துவர்கள் பார்த்து, நோயின் அளவைக் குறித்திருந்தனர். அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படங்கள் பெறப்பட்டன. உதவிய இந்திய மருத்துவமனைகளுள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று.

பின்னர் நடந்த சோதனையில், மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் முதிர்ந்த படங்களில் நூற்றுக்கு 96க்கு மேற்பட்டவற்றைக் கணினி கண்டுகொண்டது. எனினும், அந்த அளவுக்கு நோயில்லாத படங்களில் நூற்றுக்கு ஆறேழு படங்களை நோய் எனத் தவறாகக் குறித்தது. எனவே கணினியின் சொல் இறுதித் தீர்ப்பாகாது. யாரை முதலில் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதை அது காட்டுகிறது.

மதுரையின் முன்மாதிரி

அரவிந்த் மருத்துவமனையை 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும், ஏழைகளுக்குக் கண்ணொளி தரும் பணியை அவர் மேற்கொண்டார். பிற்காலத்தில் அம்மருத்துவமனை சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவியது. அங்குள்ள பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் நோயாளிகளைச் சோதிக்கின்றனர். தொலைவிலுள்ள மருத்துவர் கணினி வழியே அவர்களிடம் பேசி ஆலோசனை கூறுகிறார். 2019ஆம் ஆண்டில் செயற்கை நுண்ணறிவுச் சோதனை முறையும் மதுரையில் நோயாளிகளிடையே பயன்பாட்டுக்கு வந்தது. பணியாளரும் மருத்துவரும் ஒழுங்காக இயங்கிய இடத்தில் புதுக் கருவி வந்து சேர்ந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

தாய்லாந்து தரும் பாடம்

கருவி ஒன்றே போதாது என்பதற்குத் தாய்லாந்தில் கிடைத்த அனுபவம் சான்றாகும். அங்குப் பத்தும் தானி, சியாங் மாய் ஆகிய மாநிலங்களிலுள்ள 11 மருந்தகங்களில் நடந்த ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாதியர் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைக் கணினி ஏற்கவில்லை. படம் எடுத்த அறைகள் சிலவற்றில் போதிய இருட்டு இல்லை; ஆகவே படங்கள் தெளிவாக அமையவில்லை. இணையத் தொடர்பு மெதுவாக இருந்தபொழுது நோயாளிகள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. படம் தெளிவில்லாதவர்கள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். ஒருநாள் ஊதியத்தையும் பயணச் செலவையும் எண்ணிப் பார்க்கும் ஏழைக்கு அது எளிய செயலன்று.

ஆகவே, நல்ல அறை, நல்ல தொடர்பு, பயிற்சி பெற்ற பணியாளர், சிகிச்சைக்குச் செல்ல வழி ஆகிய நான்கும் அமைந்தால்தான் கருவியால் பயன் விளையும். இவற்றை அமைப்பது அரசின் கடன். நோயாளி சோதனைக்குச் சென்றுவர வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடன்.

நாம் செய்ய வேண்டுவன

1. நாற்பது வயதைக் கடந்தவர்களும், பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர்களும் இரத்தத்தில் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

2. நீரிழிவு உண்டெனத் தெரிந்தால், விழித்திரைப் படம் எடுக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். நம் நாட்டு அரசுச் சுகாதார மருந்தகங்கள் பலவற்றில் அதற்கான கருவி உண்டு. படம் எடுப்பதால் வலியில்லை.

3. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாயிருக்கும். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

4. சோதனையில் குறையில்லை என்றாலும், மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் செல்லுங்கள். உணவுக் கட்டுப்பாட்டையும் மருந்தையும் விடாதீர்.

கணினி எவ்வளவு கற்றிருந்தாலும், தன் முன் வந்து அமராத கண்ணை அதனால் காண இயலாது. நோய் ஒளிந்திருக்கும் காலத்திலேயே அதனைத் தேடிச் செல்வது நம் பொறுப்பு. வீட்டில் நீரிழிவு உள்ளவர் எவரேனும் இருப்பின், அவருடைய கண்ணைக் கடைசியாகச் சோதித்தது எப்பொழுது என்று இன்று மாலையே கேட்டறியுங்கள்.