மிதித்தால் தயங்கும் ஆல்டோ

கேள்வி: என்னுடையது பழைய ஆல்டோ. விழுப்புரம் போகும்போது நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டினால் வெட்டி வெட்டி இழுக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றால் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. த்ராட்டில் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: மெக்கானிக்கின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் சோதிக்காமல் காசை இறக்காதீர்கள். ஏர் ஃபில்டர் குழாய் போய்ச் சேரும் இடம் த்ராட்டில் பாடி. அதில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுழற்றும் தண்டின் முனையில், 3 வயரோடு ஒட்டியிருக்கும் சிறு கறுப்புப் பெட்டிதான் அந்த சென்சார். உள்ளே கரித்தடத்தின் மேல் ஒரு முள் உரசி நகரும். ஹைவேயில் பெடலை ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டே போகிறோம் இல்லையா, தடம் அந்த இடத்தில்தான் முதலில் தேயும்.

கனெக்டரைக் கழற்றாமல், எஞ்சினை ஓடவிடாமல், சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஒரு வயரில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த். மூன்றாவது சிக்னல்: பெடலைத் தொடாதபோது ஏறக்குறைய அரை வோல்ட், முழுக்க மிதித்தால் 4 வோல்ட்டுக்கு மேல். மிக மெதுவாக மிதியுங்கள். நடுவில் சட்டென்று விழுந்தால் சென்சார் போச்சு. இதற்கு டிஜிட்டலைவிட பழைய முள் மீட்டரே மேல். நொடிப்பொழுது சரிவைக்கூட முள் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு சீராக ஏறினால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்து பாருங்கள். மாற்றுவதானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, 2 ஸ்க்ரூ, அவ்வளவே. கேபிளே இல்லாத புது மாடல்கள் பலவற்றில் மட்டும் த்ராட்டில் பாடியையே முழுதாக மாற்றவேண்டி வரும்.