கடலைக் கொல்லையில் களைக்கொல்லியும், மண்ணில் தங்கும் மருந்தும்

திருத்தணி மலையில் ஆடிக் கிருத்திகைக் காவடிகள் ஏறும் நாட்களில், அடிவாரத்துச் செம்மண் கொல்லைகளில் ஆடிப் பட்டத்து வேர்க்கடலை தலைகாட்டும். கூடவே களையும் முளைக்கும். விதைத்த 45 நாட்களுக்குள் களையை ஒழிக்காவிடில் மகசூல் குன்றும். அதன் பின்னர் கொத்தினாலோ, மண்ணில் இறங்கும் விழுதுகள் அறுபட்டுக் காய் குறையும். களைவெட்ட ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால் குடியானவர்கள் களைக்கொல்லியை நாடுகின்றனர். அது குற்றமன்று. ஆயினும் களை மடிந்ததும் மருந்தும் மறைந்துவிடும் என்று எண்ணுவது பிழையாகும்.

பெண்டிமெத்தலின் (30 சதம்) என்பதை விதைத்த 3 நாட்களுக்குள், ஈரமுள்ள மண்ணில், ஏக்கருக்கு 1.3 லிட்டர் வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். அது முளைக்கும் களைவிதையைக் கொல்லுமேயன்றி, கிழங்குள்ள கோரையையும் வேரோடிய அருகையும் ஒழிக்காது. இமாசெத்தபிர் என்பது, களை இரண்டு மூன்று இலை விட்ட தருணத்தில் தெளிப்பது. 2,4-டி என்பதைக் கடலைக்கோ பயறுகளுக்கோ தெளிக்கலாகாது. அகன்ற இலையுடைய களையை அழிப்பது போலவே அது பயிரையும் அழித்துவிடும்.

இமாசெத்தபிரைச் சிதைப்பவை பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே. அவற்றுக்கு ஈரமும் வெப்பமும் வேண்டும். மழை பொய்த்தால் மருந்து நெடுநாள் தங்கி, அடுத்து வரும் கடுகு, காய்கறி முதலியவற்றைக் குன்றச் செய்யும். குளிர் மிகுந்த அமெரிக்க நாட்டில், இம்மருந்திட்ட நிலத்தில் சர்க்கரைக் கிழங்கு பயிரிட 40 மாதம் பொறுக்கும்படி மருந்துச் சீட்டிலேயே எச்சரித்திருக்கின்றனர். நமது வெப்பத்தில் அத்தனை காலம் வேண்டாமாயினும், வறண்ட ஆண்டில் எச்சரிக்கை அவசியம்.

இதற்கு மாறாக, மக்காச்சோளத்துக்கு இட்ட அட்ரசின் மண்ணில் எஞ்சியிருந்தால் பின்வரும் உளுந்தும் பயறும் சேதமுறும். விதை நன்றாகவே முளைக்கும். சில நாட்களில் இலையோரம் மஞ்சளித்துக் கருகும். இதை நோயென்று கருதி வேறு மருந்துக்குச் செலவிடுவது வீண்.

ஐயமுள்ள நிலத்தைச் செலவின்றிச் சோதிக்கும் முறை:

1. நிலத்தின் ஐந்தாறு இடங்களில் அரைச் சாண் ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அடியில் துளையுள்ள சட்டிகளில் நிரப்புக.

2. மருந்து படாத, அதே வகை மண்ணை வேறு சட்டிகளில் நிரப்புக.

3. அடுத்து விதைக்க எண்ணிய பயிரின் விதையை இரண்டிலும் ஊன்றி, சமமாக நீர் வார்த்து, 3 வாரம் கவனிக்க.

முதற் சட்டிகளில் மட்டும் நாற்று வெளுத்தோ குன்றியோ கருகியோ நின்றால், அப்பயிரை அந்நிலத்தில் விதைக்கலாகாது. அட்ரசினாயின் மக்காச்சோளமும், இமாசெத்தபிராயின் மீண்டும் கடலையும் தாங்கும்.

தெளித்த மருந்து, அளவு, தேதி ஆகியவற்றை ஒவ்வொருவரும் குறித்து வைத்தல் நன்று. குத்தகைக்கு நிலம் எடுப்போர் முன் பயிரிட்டவரிடம் இவற்றைக் கேட்டறிவது அவசியம். விதைக்கடலையின் விலையை மீண்டும் ஈட்டலாம். தவறிய பட்டம் அவ்வாண்டில் திரும்பாது.