சிமுலேஷன் ஓட மறுக்கிறதா?

ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் மாணவர்களே, அம்பத்தூர் எஸ்டேட்டில் போர்டு வடிவமைப்பவர்களே! எல்டிஸ்பைஸோ இ-சிம்மோ, பிழைச்செய்தி வந்ததும் சர்க்யூட்டை அழித்துவிடாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்.

1. கிரவுண்ட் போடுங்கள். அது இல்லாமல் எந்த வோல்டேஜையும் கணக்கிட முடியாது.

2. 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்றால், இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு நடுவே தொங்கும் முனையைத் தேடுங்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிகா ஓம் ரெசிஸ்டர் கொடுங்கள், டி.சி.க்கு வழி கிடைத்துவிடும்.

3. மெகா ஓமுக்கு 'மெக்' என்றே அடியுங்கள். வெறும் 'எம்', பெரிய எழுத்தானாலும், மில்லிதான். 10 மெகா ஓம் என்று நினைத்தது 10 மில்லி ஓமாகி, ஷார்ட் ஆனதுபோல் கரண்ட் பாயும். பலரும் மணிக்கணக்கில் தவிப்பது இங்கேதான். கெப்பாசிட்டரிலும் கவனம்: எண்ணை ஒட்டி 'எஃப்' மட்டும் போட்டால் அது ஃபாரட் அல்ல, ஃபெம்டோ.

4. வீட்டு மின்சாரத்துக்கு 230 அல்ல, 325 கொடுங்கள். சைன் அலைக்குக் கேட்பது உச்ச மதிப்பு.

5. 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' எனில், பல்ஸ் ஏறி இறங்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். திடீர்த் தாவலில்தான் கணக்கு சிக்குகிறது.

கிராக் பதிப்புகளைத் தேடாதீர்கள். ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான இ-சிம் முற்றிலும் இலவசம்.