ரத்தம் வருகிற பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

"அந்தப் பக்கம் தேய்ச்சா ரத்தம் வருது டாக்டர். அதான் ரெண்டு மாசமா தொடறதே இல்ல." வாரத்துக்கு இரண்டு பேராவது இதைச் சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார்கள். தொடாமல் விட்டதால்தான் ரத்தம் வருகிறது என்றால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

காலையில் பல் தேய்க்கும் முன் கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். பாசி படர்ந்த படிக்கட்டு மாதிரி வழுக்கும். அதுதான் பிளேக். எச்சிலில் மிதக்கும் பாக்டீரியாக்கள் பல்லில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் குடித்தனம் நடத்துகின்றன. நெதர்லாந்துக்காரர் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து 1683-இல் இவற்றைப் பற்றி எழுதினார். தினமும் உப்பால் பல் துலக்கியவர் அவர்! காட்டமான வினிகரில் வாய் கொப்பளித்தும் பார்த்தார். மேலே இருந்தவைதான் செத்தன, உள்ளே இருந்தவை தப்பித்தன. மவுத்வாஷை மட்டும் நம்புகிறவர்களுக்கும் இதே கதிதான். பாசியைத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும்.

எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து, சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். எச்சில் சுரப்பிகள் திறக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் பின்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும், காரை அதிகம். இறுகியபின் பிரஷ்ஷுக்கு அசையாது.

டென்மார்க்கில் நடந்து 1965-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஈறு உள்ள 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்த்ததும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிட்டது.

"எனக்குச் சொத்தையே கிடையாது" என்பவர்களுக்கு இன்னொன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். பல் துலக்கும் வழக்கம் இல்லாதவர்கள். சொத்தையும் அநேகமாக இல்லை. ஆனால் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பல்லைத் தாங்கும் பிடிமானம் வேகமாக அழிந்தது, 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் அழிந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு மட்டும் ஈறு வீக்கத்தோடு நின்றது. நீங்கள் எந்தக் கூட்டம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

தேய்க்கும் விதம் முக்கியம். மென்மையான பிரஷ். நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். பாத்திரம் துலக்குகிற வேகம் வேண்டாம். இரவில் எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால், படுக்கப் போகும்முன் தேய்ப்பதைத் தவறவிடவே கூடாது. பல்லிடுக்குக்குக் குட்டி இடுக்குப் பிரஷ் கடையில் கிடைக்கிறது. குண்டூசியைக் கீழே வையுங்கள். செங்கல்பொடி, கரி இரண்டும் பல்லைத் தேய்த்தே கரைத்துவிடும்.

"கிளீனிங் பண்ணினா பல் ஆடிடும்" என்ற பயம் ஊருக்கு ஊர் உண்டு. ஆடுகிற பல்லைச் சில நேரம் காரைதான் சிமெண்டு போலப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே.

புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராது. ரத்தமில்லை என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும்.

இன்றிரவே அந்தப் பக்கத்தைத் தேயுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும், பயப்படாதீர்கள். பத்து நாளாகியும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போங்கள். சுகர் ரிப்போர்ட் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.