மீட்புப் படகும் இரண்டு கேபிள்களும்

ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், வெள்ள அபாயமுள்ள மாவட்டங்களில் முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. படகுகள் எத்தனை, உயிர்காப்பு மேலங்கிகள் எத்தனை, பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அக்கூட்டங்களில் எடுக்கப்படுகிறது. பதிவேட்டில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று குறிக்கப்பட்ட படகு மெய்யாகவே எந்நிலையில் உள்ளது என்பது, அதை நீரில் இறக்கிக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை முன்னே தள்ளும்போதுதான் தெரியவரும். கைப்பிடி நகர மறுத்தால், பழுது எஞ்சினில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எஞ்சினையும் ஓட்டுநரையும் இணைக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்று இறுகிப் போயிருக்கலாம். எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகச் சிறியது. ஆயினும், அவை இல்லாமல் எஞ்சினால் பயனில்லை.

படகின் பின்பலகையில் பொருத்தப்படும் அவுட்போர்டு மோட்டாரை இயக்குவதில் இருமுறைகள் உள்ளன. காற்றடைத்த ரப்பர் படகுகளிலும் மீனவர்களின் வள்ளங்களிலும் ஓட்டுநர் பின்புறம் அமர்ந்து, மோட்டாரோடு இணைந்த கைத்தண்டை நேரடியாகப் பிடித்துச் செலுத்துகிறார். கண்ணாடி இழைப் படகுகள் பலவற்றில், ஓட்டுநர் முன்புறமோ நடுவிலோ சுக்கான் சக்கரத்தின்முன் அமர்கிறார். அவரது வலக்கைப் பக்கம் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதிலிருந்து படகின் பக்க விளிம்பை ஒட்டி இரண்டு கேபிள்கள் மோட்டார்வரை செல்கின்றன. ஒன்று கியர் கேபிள். மற்றது எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கேபிள். கைப்பிடி ஒன்றேயாயினும் அது செய்யும் வேலை இரண்டு: முதலில் சற்றே தள்ளும்போது கியர் விழுகிறது, மேலும் தள்ளும்போது வேகம் கூடுகிறது.

மிதிவண்டியின் பிரேக் கேபிள் இழுக்க மட்டுமே பயன்படும். திரும்பி வருவதற்கு வில் ஒன்று உதவுகிறது. படகின் கேபிளோ இழுக்கவும் தள்ளவும் வேண்டும். ஆகவே அதன் உள்கம்பி சற்று விறைப்பானது. அது வழவழப்பான உள்ளுறை ஒன்றினுள் ஓடுகிறது. அதன்மேல் சுருள்கம்பிக் கவசமும், அதற்கும் மேலே பிளாஸ்டிக் உறையும் உள்ளன. வெளியுறையில் மயிரிழை அளவு வெடிப்பு ஏற்பட்டாலும் நீர் உட்புகுகிறது. கவசக் கம்பி துருப்பிடித்து உப்புகிறது; உள்ளே வழி குறுகுகிறது. கடலோரத்தில் உப்பும், பிரம்மபுத்திரா, கோசி போன்ற ஆறுகளில் நுண்ணிய வண்டலும் இதைச் செய்கின்றன. திறந்த வெளியில் நிறுத்தப்பட்ட படகில் வெயில் உறையை நொறுங்கச் செய்கிறது; கொட்டகையில் வைக்கப்பட்ட படகில் எலிகள் கடிக்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் அசையாது கிடப்பதே எல்லாவற்றிலும் பெரிய கேடு எனலாம். நாள்தோறும் ஓடும் கேபிள் இறுகத் தொடங்குவதை ஓட்டுநரின் கை உடனே உணர்ந்துவிடும். கிடங்கில் உள்ள கேபிள் யாருக்கும் சொல்லாமலே இறுகிவிடுகிறது.

இறுகிய கேபிளால் படகு கிளம்பாமற் போவது இழப்புத்தான். ஆனால் அதனினும் கொடியது ஒன்றுண்டு. முன்கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் கேபிள் அறுந்தாலோ, அதன் முனை இணைப்பு கழன்றாலோ, கைப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்தாலும் கியர் விடுபடாது. ஓட்டுநர் கியர் விடுபட்டதாக எண்ணுவார். புரொப்பெல்லர் சுழன்றுகொண்டே இருக்கும். மீட்புப் பணியில் நீரில் தத்தளிப்போர் படகின் விளிம்பைப் பற்றி ஏறும் தருணம் அது. எனவேதான், ஆட்களை ஏற்றும்போது நடுநிலையை மட்டும் நம்பாமல் எஞ்சினையே நிறுத்திவிடுவதும், அவசர நிறுத்தக் கயிற்றை ஓட்டுநர் தம் உடலில் மாட்டியிருப்பதும் தவறாது கைக்கொள்ள வேண்டிய நடைமுறைகளாகும்.

பழுது எங்கே?

கைப்பிடி கடினமாக இருந்தால் கேபிளை வாங்கிவர ஆள் அனுப்புவதற்குமுன் ஒரு சோதனை தேவை. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, மோட்டார் பக்கத்தில் கேபிளின் முனையை மட்டும் கழற்ற வேண்டும். இப்போது கைப்பிடி எளிதாக நகர்ந்தால் குறை மோட்டாரின் கியர் இணைப்புகளிலோ கார்புரேட்டர் இணைப்பிலோ உள்ளது, கேபிள்மீது குற்றமில்லை. கைப்பிடி அப்போதும் கடினமாகவே இருந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்திலும் கழற்றிப் பார்த்து, குறை பெட்டியிலா கேபிளிலா என்று பிரித்தறியலாம். பத்து நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாததால் தேவையற்ற கொள்முதல் நேர்வதுண்டு.

குறை கேபிளில்தான் என்று தெரிந்தபின், அதனுள் எண்ணெய் ஊற்றி ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது தவறு. உள்ளுறை தொழிற்சாலையிலேயே வழவழப்பூட்டப்பட்டு வருகிறது. வெளியிலிருந்து ஊற்றும் எண்ணெய் துருவை நீக்குவதில்லை. தூசியையும் வண்டலையும் பிடித்துவைத்து இறுக்கத்தை மிகுவிக்கிறது. வெளியே தெரியும் முனைத் தண்டுகளுக்குக் கிரீஸ் பூசுவது மட்டுமே சரி. இறுகிய கேபிளைப் பழுதுபார்க்க இயலாது, மாற்றத்தான் வேண்டும். இரு கேபிள்களும் ஒரே வயதுடையனவாதலின், ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது முறை. ஒன்றுக்காகக் கழற்றிப் பூட்டும் உழைப்பில் இரண்டையும் முடித்துவிடலாம்.

அளவும் பொருத்தமும்

கேபிளின் நீளம் அடிக்கணக்கில் குறிக்கப்படுகிறது; ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள மொத்த நீளமே அளவாகும். பழைய கேபிளின் உறையில் நீளமும் பாக எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அது அழிந்திருந்தால் பழையதைக் கழற்றி அளக்கலாம். பழையதே தவறான நீளம் என்ற ஐயமிருப்பின், கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து பக்க விளிம்பு வழியாகப் பின்பலகை வரையும், அங்கிருந்து மோட்டாரின் நடுப்பகுதி வரையும் அளந்து, மோட்டார் இருபுறமும் திரும்புவதற்கான தளர்வளையத்துக்காக 3 முதல் 4 அடி வரை கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்த நீளம் ஆபத்தானது. மிகை நீளம் தேவையற்ற வளைவுகளை உண்டாக்கும். சாதாரண வகைக் கேபிளை 8 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைத்தல் கூடாது.

முனை இணைப்பிலும் கவனம் வேண்டும். ‘33சி’ எனக் குறிக்கப்படும் பொதுவகைக் கேபிள் பலவகை மோட்டார்களுக்குப் பொருந்தும். சில நிறுவனங்களின் மோட்டார்களுக்குத் தனி வடிவ முனைகள் தேவை. கொள்முதல் ஆணையில் ‘படகுக் கேபிள், 2 எண்ணிக்கை’ என்று மட்டும் எழுதி, மிகக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்கும் அலுவலகம், பொருந்தாத கேபிளைப் பெற்றால் வியப்பதற்கில்லை. மோட்டாரின் வகை, மாதிரி எண், கட்டுப்பாட்டுப் பெட்டியின் வகை, நீளம் ஆகிய நான்கும் ஆணையில் இடம்பெற வேண்டும்.

மாற்றும் முறை

கழற்றுவதற்குமுன் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்துக்கொள்வதும், எது கியர், எது த்ராட்டில் என்று துணிப்பட்டை கட்டிக் குறிப்பதும் நலம். மோட்டாரின் முன்கியர், பின்கியர், நடுநிலை ஆகியவற்றில் இணைப்புத் தண்டு எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய கேபிளை உருவும்போது அதன் முனையில் மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டிவிட்டால், கேபிள் வெளியே வரும்போது கயிறு அதே வழியில் உள்ளே சென்று தங்கும். பின்னர் அக்கயிற்றைக் கொண்டே புதிய கேபிளை இழுத்துவிடலாம். பழைய படகுகளில் கேபிள் செல்லும் குழாய் தரைப்பலகைக்கு அடியில் மறைந்திருக்கும். கயிறு கட்ட மறந்தவர் பலகையைப் பெயர்க்க நேரிடும்.

வேலையின் உயிர்நிலை சரிக்கட்டுதலில் உள்ளது. கைப்பிடியை நடுநிலையில் நிறுத்தி, மோட்டாரின் கியர் தண்டையும் நடுநிலையில் வைத்து, கேபிளின் சிறு தளர்வை இருபக்கமும் சமமாகப் பிரித்து, முனையிலுள்ள திருகிணைப்பைத் தண்டோடு பொருந்துமாறு சுழற்ற வேண்டும். கேபிளை வலிந்து இழுத்தோ தள்ளியோ பொருத்தினால் நடுநிலை பொய்யாகிவிடும். திருகிணைப்பு கேபிள் முனையில் போதிய ஆழம் ஏறியிருத்தல் முக்கியம். 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மோட்டார் கையேடுகள் வரையறுப்பதுண்டு. அதன்பின் லாக் நட்டை இறுக்கிப் புதிய காட்டர் பின்களை இட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் இடுவது சிக்கனமாகாது. த்ராட்டில் கேபிளைப் பொறுத்தவரை, கைப்பிடி நடுநிலைக்குத் திரும்பும்போது த்ராட்டில் முழுதும் மூடி, அதன் தடுப்பில் படிய வேண்டும். கைப்பிடியை முழுதும் தள்ளும்போது முழுதும் திறக்க வேண்டும்.

சோதனையைத் தரையில் தொடங்கி நீரில் முடிக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில், கைப்பிடியை மெல்ல நகர்த்தியவாறே புரொப்பெல்லரைக் கையால் திருப்பி, முன்னும் பின்னும் கியர் பிடிப்பதையும் நடுநிலையில் தடையின்றிச் சுழல்வதையும் உறுதி செய்யலாம். பின்னர் படகைக் கரையில் கட்டி, நீரில் எஞ்சினை இயக்கி, மோட்டாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது எஞ்சினின் ஓசை கூடினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். கியரில் இருக்கும்போது எஞ்சின் கிளம்பாதபடி காக்கும் மின்பூட்டு வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பராமரிப்பின் பொருளாதாரம்

இவ்வளவு எளிய வேலை ஏன் காலத்தில் நடைபெறுவதில்லை? பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சி உத்தி பற்றிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. பராமரிப்புத் தவறினால் உடனே பேராபத்து விளையும் விமானப் போக்குவரத்தில் பராமரிப்பு ஒழுங்காக நடைபெறுகிறது. மெல்ல மெல்லச் சீர்கெடும் நெடுஞ்சாலையில் அது தள்ளிப்போடப்படுகிறது என்பது அவர் கருத்து. மீட்புப் படகு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விந்தையான பொருள். பல மாதங்கள் அது சாலையைப்போல் மெல்லச் சீர்கெடுகிறது; வெள்ளம் வரும் அன்று விமானத்தைப்போல் பேராபத்தை விளைவிக்கிறது. கெடும் நாளும் தண்டனை கிடைக்கும் நாளும் வெகுதொலைவில் பிரிந்திருப்பதால், பொறுப்புடையவர் கைகளும் இடையில் மாறிவிடுகின்றன.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்து சுமார் 65,000 பேரை மீட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்களது துணிவு யாவரும் அறிந்ததே. அத்துணிவுக்குத் துணை நின்ற மற்றொன்றையும் நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டும்: அவர்களுடைய மோட்டார்கள் பிழைப்புக்காக அன்றாடம் ஓடியவை. சிறு குறையும் அன்றைய வருவாயைக் குறைத்துவிடும் என்பதால், அது அன்றே சரிசெய்யப்படுகிறது. அரசின் கிடங்குப் படகுக்கு இத்தகைய அன்றாட ஊக்கம் இல்லை. அதை விதிமுறையால்தான் ஈடுசெய்ய வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தின் அமைப்பும் இதில் தொடர்புடையது. வருவாய்க் கணக்கிலான செலவைப் பிற செலவிலிருந்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று அரசியலமைப்பின் 112-ஆம் பிரிவு மத்திய அரசுக்கும், 202-ஆம் பிரிவு மாநிலங்களுக்கும் விதிக்கின்றன. பாகுபாடு தேவையானதே. ஆனால் நடைமுறையில் புதிய படகு வாங்குவது ‘வளர்ச்சி’யாகவும், கேபிள் மாற்றுவது ‘சில்லறைச் செலவா’கவும் பார்க்கப்படும் மனப்போக்கு வளர்ந்துவிட்டது. சிக்கன நடவடிக்கை வரும்போது முதலில் வெட்டுப்படுவது சில்லறைச் செலவே. 2021-26 ஆண்டுகளுக்கான பதினைந்தாவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் இடர் மேலாண்மை நிதியில் 10 சதவீதத்தைத் தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் பிரித்துக் காட்டியது. தயார்நிலை என்ற சொல்லுக்குக் கொள்முதல் என்று மட்டும் பொருள் கொள்வது அதன் நோக்கத்தைச் சுருக்குவதாகும்.

மாவட்ட அளவில் செய்யத்தக்கன பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. மாதம் ஒருமுறை ஒவ்வொரு படகின் கைப்பிடியையும் முன்னும் பின்னும் முழுதாக நகர்த்தி, கை உணர்ந்ததைப் பதிவேட்டில் எழுதலாம்: ‘எளிது’, ‘கடினம்’ என்ற இரு சொற்களே போதும். ‘கடினம்’ என்று எழுதப்பட்ட மாதமே ஆணை அனுப்பப்பட்டால் மழைக்குமுன் கேபிள் வந்து சேர்ந்துவிடும். ஒரே வகை மோட்டாருள்ள படகுகளைச் சேர்த்து வாங்கும் மாவட்டத்தில் ஓரிணை உதிரிக் கேபிள் பல படகுகளுக்குப் பொதுவாக உதவும். ஆண்டுக்கொரு நிறுவனத்தின் மோட்டார் வாங்கும் மாவட்டத்தில் அந்த வசதி இல்லை. கேபிளின் நீளத்தையும் பாக எண்ணையும், மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் அருகே பெயின்டால் எழுதிவைத்தால், கோப்பு எங்கே இருந்தாலும் அடுத்துப் பொறுப்பேற்பவருக்கு வேண்டிய விவரம் படகிலேயே இருக்கும்.