வழுவைச் சொல்லும் முறை

ஜோர்ஜ்டவுனில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்கு மின்னூலகத்தில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி தமிழ்க் கட்டுரை தட்டச்சு செய்கிறாள் என வைத்துக்கொள்வோம். எழுத்துகளை எண்ணித் தரும் கட்டற்ற மென்பொருள் ஒன்று, ‘பினாங்கு’ என்ற சொல்லில் 8 எழுத்துகள் இருப்பதாகக் காட்டுகிறது. பி, னா, ங், கு என எண்ணினால் 4தான். எரிச்சலடைந்த அவள், “உங்கள் மென்பொருள் சரியில்லை. உடனே திருத்துங்கள்” என்று அதை உருவாக்கியவருக்கு எழுதுகிறாள்.

இதைப் படிப்பவர் எதைத் திருத்துவார்? எந்தச் சொல், எந்தப் பதிப்பு, எந்தக் கணினி என்பது எதுவும் செய்தியில் இல்லை. மேலும், கட்டற்ற மென்பொருளை உருவாக்குவோரில் பலர் ஊதியமின்றி, வேலை முடிந்த பின் இரவில் அமர்ந்து உழைப்பவர்கள். அவர்களுக்குக் கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை.

மென்பொருளில் நேரும் பிழையைத் தமிழில் ‘வழு’ என்பர். இலக்கணப் பாடத்தில் வரும் அதே வழுதான். அங்கு வழுவமைதியும் உண்டல்லவா? இங்கும் அப்படியே. பயனர் பிழை என்று நினைப்பது சில வேளைகளில் காரணத்தோடு செய்யப்பட்டதாக இருக்கும். எனவே, விளக்கக் குறிப்பையும் பிறர் முன்பே அனுப்பிய வழு அறிக்கைகளையும் முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

தேடியும் விடை கிடைக்கவில்லையென்றால் மாணவி இவ்வாறு எழுதலாம்: “வணக்கம். இந்தப் பதிப்பில் ‘பினாங்கு’ என்று தட்டச்சு செய்து எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தேன். 4 வரும் என எதிர்பார்த்தேன், 8 வந்தது. வேறு கணினியிலும் அப்படியே வருகிறது.” இவ்வளவு போதும். யூனிகோட்டில் ‘பி’ என்பது ப, இகரக் குறி என இரண்டு குறியீடுகளாகப் பதிவாகிறது. ‘ங்’ என்பதில் புள்ளி தனிக் குறியீடு. நிரல் எழுத்துகளுக்குப் பதிலாகக் குறியீடுகளை எண்ணியிருக்கிறது என்பதைத் தமிழ் தெரியாத நிரலாளரும் இந்த அறிக்கையைக் கொண்டு கண்டுபிடித்துவிடுவார்.

இஃது எழுத்து எண்ணிக்கையோடு நிற்கும் செய்தியன்று. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருள் லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படுகிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் லாசே கொலின். 2022இல் சிலர், பணி தாமதமாவதாகக் குறைகூறி அவருக்கு மீண்டும் மீண்டும் எழுதினர். இஃது ஊதியமில்லாத ஓய்வுநேரப் பணி என்று அவர் விளக்கியும் நெருக்குதல் ஓயவில்லை. பின்னர், உதவுவதுபோல் வந்த ஒருவரிடம் பராமரிப்புப் பொறுப்பில் ஒரு பங்கு சென்றது. குறைகூறிய பெயர்களும் அத்திட்டத்தின் பகுதியே எனப் பலர் கருதுகின்றனர். 2024இல் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் பாதுகாப்பு வல்லுநர் அல்லர், தரவுத்தள நிரலாளர். தொலைக்கணினியில் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்றார். முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனிப்பட்ட முறையில் தெரிவித்தார். இத்தகைய ஓட்டையைத் திருத்தம் வருமுன் ஊரறியச் சொன்னால் திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும். எக்ஸ்இசட் குழுவுக்கோ அவர் எழுதவில்லை. ஐயம் அங்கிருந்தவர் மீதே விழுந்திருந்தது. மார்ச் 29ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில் அளந்த நேரங்கள், பாதிக்கப்பட்ட பதிப்புகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டார். உறுதியாகத் தெரிந்தவற்றையும் தம் ஊகங்களையும் கலக்காமல் எழுதினார்.

லினக்ஸ் வழங்கும் குழுக்கள் அப்பதிப்புகளை விரைந்து திரும்பப் பெற்றன. தீய நிரல் நீக்கப்பட்ட 5.6.2 பதிப்பு மே மாதம் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் லாசே கொலின்.