மாத்திரைப் பையைத் திறந்து பார்ப்போம்



கடன், சேமிப்பு, வட்டி என்றால் நாம் ஒரு ரூபாய் விடாமல் கணக்கு பார்க்கிறோம். ஆனால் வீட்டில் தினம் வாயில் போடுகிற மாத்திரைக்குக் கணக்கு பார்க்கிறோமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஒரு மாமியாருக்கு நடந்தது

நம்ம குழு சகோதரி ஒருவர் கூட்டத்தில் சொன்ன விஷயம் இது. அவருடைய மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. வீடு தேடி வந்து கொடுக்கிற மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வந்தார். நடுவில் வேறு ஒரு இடத்தில் காட்டியபோது அங்கேயும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அட்டை வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. "இது புது மாத்திரை" என்று நினைத்து இரண்டையும் போட்டிருக்கிறார். நாலாம் நாள் காலையில் எழுந்தவர் கண் இருட்டி, கிணற்றடியில் விழுந்துவிட்டார். நல்லவேளை, கையில் அடியோடு போயிற்று.

பிறகு நர்ஸ் அம்மா இரண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்தில்தான் பெயர் வேறு. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்து, அம்லோடிபின். ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டதால் கொதிப்பு அளவுக்கு மீறி இறங்கிவிட்டது.

இதில் யாரைக் குறை சொல்வது? முதல் மாத்திரையைப் பற்றி இரண்டாவது டாக்டரிடம் யாருமே சொல்லவில்லை. அதுதான் நடந்த தவறு.

நம்ம திருவெண்ணெய்நல்லூர் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். சுந்தரர் கல்யாணத்தில் வந்து வழக்கு போட்ட முதியவர், இந்த ஊர் சபையில்தான் மூல ஓலையைக் காட்டினார். ஓலையைப் படித்துப் பார்த்துத்தான் வழக்கு தீர்ந்தது. மாத்திரை அட்டையும் அப்படி ஒரு ஓலைதான். படித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

நர்ஸுகள் பார்க்கும் ஐந்து சரி

ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் மருந்து கொடுக்கும் முன் ஐந்து விஷயம் சரிபார்க்க வேண்டும் என்று படிப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். வீட்டில் மருந்து கொடுக்கிற நாமும் ஒரு வகையில் நர்ஸ்தானே. அதனால் நாமும் தெரிந்துகொள்வோம்.

1. சரியான ஆள்: பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை நமக்குக் கேட்கும் என்று வாங்கிப் போடக் கூடாது.

2. சரியான மருந்து: பெரிய பெயரைப் பார்த்தால் போதாது. சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும், காலாவதி மாதத்தையும் பார்க்க வேண்டும்.

3. சரியான அளவு: அட்டையில் 5, 50, 500 என்று இருக்கும் மில்லிகிராம் எண்ணையும் பார்க்க வேண்டும். ஒரே சர்க்கரை மாத்திரை 500-லும் வருகிறது, 1000-லும் வருகிறது.

4. சரியான வழி: ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு இழுக்கிற கேப்ஸ்யூலைச் சிலர் தண்ணீர் விட்டு விழுங்கிவிடுகிறார்கள். காதுக்கு விடுகிற சொட்டு மருந்தைக் கண்ணில் விடக் கூடாது. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று எழுதிய மாத்திரையை நுணுக்கியோ மென்றோ சாப்பிடக் கூடாது. அது மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்தது.

5. சரியான நேரம்: 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றும் கேளுங்கள். நேற்று மறந்துவிட்டது என்று இன்று இரண்டாகப் போடக் கூடாது.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாத்திரைக் கவரில் சூரியன், நிலா வரைந்து கொடுங்கள்.

குழந்தை மருந்தில் கூடுதல் கவனம்

காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப் ஒரே மாதிரி இருப்பதில்லை. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அதாவது, 125 கொடுக்க வேண்டிய இடத்தில் நாலு மடங்கு. அதிகமானால் ஈரல் கெடும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வருகிற மூடியிலோ, சொட்டுக் குழாயிலோ மட்டும் அளந்து கொடுங்கள்.

இருமல் சிரப் விஷயம் இன்னும் பெரிது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் ஒரு இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப். நம் மாநில ஆய்வுக்கூடச் சோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. அப்போது மத்திய சுகாதாரத் துறை சொன்னது: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை. டாக்டர் எழுதாமல் கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

செட் மாத்திரை வேண்டாம்

கூலி வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால்தான் கடையில் காகிதத்தில் மடித்துத் தருகிற செட் மாத்திரையை வாங்குகிறோம். அந்தக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் நறுக்கிக் கொடுத்த மாத்திரையில் பெயர் இல்லை, தேதி இல்லை. உள்ளே வலி மாத்திரையா, ஸ்டீராய்டா, ஆன்டிபயாட்டிக்கா என்று யாருக்கும் தெரியாது. வலி மாத்திரையை நாள் கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். அப்புறம் ஆகிற செலவு ஒரு நாள் கூலியோடு நிற்காது.

நம் பெண்கள் கையில் இருக்கிற பொறுப்பு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பதற்குத் தேர்ந்தெடுத்தது யாரை? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களைத்தான். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. அவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது மாத்திரையை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். வீட்டில் உள்ள மற்ற மாத்திரைகளையும் எடுத்துக் காட்டுங்கள். தலைவலி நின்றுவிட்டது என்று நீங்களாகக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொதிப்பு சத்தமில்லாமல் ஏறும்.

மருந்து போட்டபின் முகம் வீங்கினால், மூச்சு திணறினால், மயங்கினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

- ஒவ்வொருவரும் வீட்டு மாத்திரைப் பையைக் கொண்டு வாருங்கள். காலாவதியானதைத் தனியே எடுங்கள்.
- சின்ன எழுத்துப் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டுங்கள். எதை நிறுத்துவது என்று நாமே முடிவு செய்யக் கூடாது.
- மாத்திரைகளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்போம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை மிட்டாய் என்று குழந்தை தின்றால் உயிருக்கே ஆபத்து.

கிணற்றடியில் விழுந்த அந்த அம்மா இப்போது நலம். மாத்திரை போடும் முன் பேத்தியைக் கூப்பிட்டு, "சின்ன எழுத்தைப் படி கண்ணு" என்கிறாராம். நாமும் படிப்போம்.